என்பிடெல்: பல பருவங்கள் படித்த பிறகு

என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தில் நான் படிப்பதைப் பார்த்து, அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், "எல்லாம் யூடியூப்லயே இருக்கே, எதுக்கு என்பிடெல்?" என்று கேட்பதுண்டு. வீடியோ மட்டும் போதும் என்றால் யூடியூபே போதும். என்பிடெல் வகுப்புகளும் அங்கேதான் கிடக்கின்றன. கோவிட் காலத்தில் தொடங்கிய நான் இன்னும் இதைப் பிடித்துக்கொண்டிருப்பது புதன்கிழமைக் கெடுவுக்காக.

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் (ஐஐஎஸ்சி) சேர்ந்து 2003-ல் தொடங்கியது இது. பாடங்கள் 4, 8, 12 வாரம் என்று இருக்கும். சேர்வது இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் 1000 ரூபாய் கட்டினேன். வாராவாரம் அசைன்மெண்ட், பெரும்பாலும் புதன் இரவு 11.59 வரை. 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த எட்டை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். அதற்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. தேற அசைன்மெண்டில் 10, தேர்வில் 30 தனித்தனியாக வேண்டும்.

நான் பி.காம். மதுரைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. எக்செல் ஃபார்முலாவுக்கு மேல் எதுவும் தெரியாது. சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் எட்டு வார பைத்தான் நிரல்மொழிப் பாடத்தில் சேர்ந்தேன். பதறாமல், ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்துச் சொல்கிற மனிதர். ஆனாலும் எனக்குப் புத்தி வந்தது நிரல் பயிற்சிகளில்தான். எழுதிய நிரல் நம் கண்ணுக்குத் தெரியும் சோதனைகளில் எல்லாம் சரியாக ஓடும். மறைத்துவைத்திருக்கும் சோதனைகளில் ஒன்று இரண்டு விழுந்துவிடும். ஏன் என்று சொல்ல மாட்டார்கள். பட்டியல் காலியாக வந்தால்? ஒரே எண் இரண்டு முறை வந்தால்? இப்படி நாமே முட்டி மோத வேண்டும்.

அந்தப் பழக்கம்தான் இப்போது சோறு போடுகிறது. மாதம் 14-ம் தேதி, சப்ளையர்கள் ஜிஎஸ்டியில் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர் 2பி வந்ததும், எங்கள் கொள்முதல் பதிவேட்டோடு பில் பில்லாக ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு சப்ளையர் பில் எண்ணில் சாய்கோடு போட்டிருப்பார், நம் ஆள் அதை விட்டிருப்பார். முன்னால் இருக்கும் சைபரை எக்செல் தின்றிருக்கும். முன்பு இரண்டு பேர் உட்கார்ந்து டிக் அடித்துக்கொண்டிருந்த வேலை. இன்று நான் எழுதிய சின்ன நிரல் பொருந்தாதவற்றை மட்டும் தனியே எடுத்துத் தருகிறது. சான்றிதழை இதுவரை யாரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

குறைகள் உண்டு. அசைன்மெண்டில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விகளே அதிகம். அதனால் விடைகள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சுற்றுகின்றன. கல்லூரிப் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் இருக்கும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாகப் படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2021-ல் அனுமதித்த பிறகு, விருப்பமில்லாமல் சேர்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் தேர்வு நேரில். மையத்துக்குப் போய், கணினி முன் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். அங்கே குழு உதவாது.

சில பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் கிடைக்கிறது. நடை இறுக்கம்தான், ஆனால் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுபவரைக் கேட்கும் முன் ஒருமுறை படித்துவிட்டால் தடுமாற்றம் பாதி குறைகிறது.

என் அண்ணன் மகளுக்கு ஒரு தனியார் பாடச் செயலி வாங்கினோம். டேப்லெட், மாதத் தவணை, விற்கும்வரை தினம் ஒரு போன். பணம் கட்டிய பிறகு பிள்ளை பார்க்கிறாளா என்று கேட்க ஒரு நாதி இல்லை. தவணை மட்டும் தவறாமல் போனது.

புதிதாகச் சேர்கிறவர்கள் நான்கு அல்லது எட்டு வாரப் பாடத்தில் தொடங்குங்கள். முதல் இரண்டு அசைன்மெண்டை முடித்துப் பார்த்துவிட்டே தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். படிக்க வீட்டில் இடமில்லையா, மதுரை நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டத்துக்கு முன் போய்விட வேண்டும். அப்புறம், ஜனவரிப் பருவத்தின் தேர்வு பெரும்பாலும் ஏப்ரலில், சனி ஞாயிறில் வரும். சித்திரைத் திருவிழாவோடு மோதினால், மீனாட்சி கோயிலைச் சுற்றிய மாசி வீதிப் பக்கம் குடியிருப்பவர்கள் முந்தைய இரவே மையத்துக்கு அருகில் ஒரு சொந்தக்காரர் வீட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. திருக்கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கு ஆட்டோ கிடைக்காது.