எக்மோவா, கையால் அழுத்துவதா? எங்கள் தொடர்மாடி எடுத்த முடிவு

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக் கூட்டத்தில், யாருக்காவது திடீரென இதயம் நின்றால் உதவ, பராமரிப்புக் காசில் ஒரு ஏஈடி பெட்டி (நெஞ்சில் ஒட்டி ஷொக் கொடுக்கும் கருவி) வாங்கி எல்லோருக்கும் சிபிஆர், அதாவது கையால் நெஞ்சை அழுத்தி இரத்தத்தை ஓட வைப்பது, பழக்குவோம் என்று நான் சொன்னதும் மூன்றாம் மாடி அண்ணர் எழும்பினார். "தம்பி, இப்ப எக்மோ வந்திட்டுது. நெஞ்சை அமத்திக்கொண்டு நிக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுதானே?" எக்மோ, 2016 டிசம்பரில் ஜெயலலிதா செய்தியோடு நம் வீடுகளுக்குள் வந்த சொல்.

எக்மோ சும்மா சாமான் இல்லை. தொடை நாளத்தால் இரத்தத்தை வெளியே இழுத்து, ஒட்சிசன் ஏற்றி, தொடை நாடியால் திருப்பி அனுப்பும். இதயம் நின்றபடி நிற்க மூளைக்கு இரத்தம் போகும், அதற்குள் டொக்டர்மார் அடைப்பை எடுக்கலாம். அமெரிக்காவின் மினியாபொலிஸில் நடந்த ஒரு ஆய்வில், மூன்று ஷொக் கொடுத்தும் மீளாதவர்களில் எக்மோ பக்கம் 14 பேரில் 6 பேர் உயிரோடு வீடு போனார்கள், வழமையான சிகிச்சையில் 15 பேரில் ஒருவர்தான். இது 2020இல் வந்தது, அண்ணர் வாட்ஸ்அப்பில் பார்த்ததும் இதைத்தான். ஆனால் நெதர்லாந்தில் 10 ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்தபோது (2023) மூளை பழுதில்லாமல் தப்பியவர்கள் எக்மோவில் 20 சதவீதம், வழமையான சிகிச்சையில் 16. கைபழகிய ஒரு இடத்தின் கணக்கு வேறு, பல இடங்களின் கணக்கு வேறு. எக்மோவின் செலவு, இரத்தக்கசிவு ஆபத்து எல்லாம் வேறு கதை, விடுவோம்.

என்னை முடிவெடுக்க வைத்தது நேரம். அழுத்தாமலும் ஷொக் கொடுக்காமலும் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும். எக்மோவோ ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்குள் ஓடத் தொடங்க வேண்டும். சரி, கணக்குப் பாருங்கள்: அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அடித்து, அது வந்து, ஐந்தாம் மாடிக்கு ஏறி, பிறகு மாலை ஐந்தரைக் காலி வீதியில் இறங்கி... எங்கள் லிப்டில் ஸ்ட்ரெச்சர் படுத்தபடி நுழையாது, படியால்தான் இறக்க வேண்டும், இறக்கும்போது நெஞ்சை யார் அழுத்துவது? அதைவிட, நெதர்லாந்து ஆய்வில் சேர்த்ததே யாராவது பார்த்திருக்க விழுந்து, அந்த இடத்திலேயே சிபிஆர் கிடைத்தவர்களைத்தான். எக்மோ வாசலை மிதிக்கவே முதலில் வீட்டில் ஒருவர் அழுத்தியிருக்க வேண்டும்! இதைச் சொன்னபிறகு அண்ணர் பேசவில்லை. பெட்டி வாங்கி, சிபிஆர் பழகுவதென்று முடிவானது.

பழகும் நாளில் இரண்டாம் மாடி அன்ரி வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முழங்காலில் இருந்தா. நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், ஐந்து சென்ரிமீற்றர் ஆழம். சரியாக இறங்கினால் பொம்மை 'டிக்' என்னும். ஒன்றரை நிமிடத்தில் அன்ரிக்கு மூச்சு வாங்கியது, டிக் நின்றுவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கால் ஆளை மாற்றச் சொல்வது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

ஏஈடி பெட்டியை இன்னும் ஒருவருக்கும் பாவிக்கவில்லை, அதனால் அது உயிர் காத்தது என்று நான் பீற்ற முடியாது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழும் இளவயதுக்காரர், பக்கத்தில் எக்மோ குழு தயார் என்றால் நானும் அதைத்தான் கேட்பேன்.

இப்போதைக்குப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று காவலாளி ஐயா தினமும் பார்க்கிறார், நெஞ்சில் ஒட்டும் பட்டைகளின் காலாவதித் திகதியை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முதல் கிழமை பெட்டியை அலுவலக அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். நான் சத்தம் போட்டு லிப்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். களவு போகும் என்கிறார் பொருளாளர், அடுத்த கூட்டத்தில் அந்தச் சண்டை இருக்கிறது.