பலகைக்கு அடியில்தான் ரயில் ஓடுகிறது: ஒரு மாதிரி ரயில் லேஅவுட்டோடு பல வருட அனுபவம்

மாதிரி ரயில் பிரியர்கள் தங்கள் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் படங்களில் மலை இருக்கும், பாலம் இருக்கும், புல் முளைத்த சரிவும் பழைய ஸ்டேஷனும் இருக்கும். எனக்கும் அவை பிடிக்கும். பெரிதாக்கி, ஜல்லியின் நிறம் வரை பார்ப்பேன். ஆனால் சொந்தமாக ஒரு லேஅவுட்டை, அதாவது பலகை மேல் பாதை போட்டுக் கட்டிய சிறு ரயில் உலகத்தை, வைத்துப் பல வருடம் ஓட்டிய பிறகு, இப்போது அத்தகைய படத்தைப் பார்த்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: "அடிப்பக்கம் ஒரு படம் எடுத்துப் போடுங்களேன்." ஐந்தாம் வருடமும் அந்த ரயில் ஓடுமா, அல்லது துணி போர்த்தி மூலையில் நிற்குமா என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

என்னுடையது ஹெச்ஓ அளவு. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் உலகில் மிகப் பரவலாக இருக்கும் 1435 மி.மீ. பாதை வந்துவிடும். சுவரை ஒட்டி 'ட' வடிவத்தில் ஓர் அலமாரி, அதன் மேல் பிளைவுட், பிளைவுட்டின் மேல் கெட்டியான ஃபோம் பலகை, அதன் மேல் பாதை. கட்டுப்பாடு டிசிசி, அதாவது டிஜிட்டல் முறை: தண்டவாளத்தில் எப்போதும் ஒரே மின்னழுத்தம் இருக்கும், ஒவ்வொரு எஞ்சினிலும் உள்ள டிகோடர் தனக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை எதிரெதிரே, வெவ்வேறு வேகத்தில் ஓட்டலாம்.

இடம் குறைவானவர்களுக்கு 9 மி.மீ. பாதையில் ஓடும் 'என்' (N) என்ற அளவு இருக்கிறது. நீண்ட ரயில் ஒன்று நிலப்பரப்பின் நடுவே ஊர்ந்து போகும் அழகுக்கு அதுதான் சரி. எனக்கு ஷண்டிங்கில் ஆசை. பெட்டியைக் கழற்றுவது, வேறு லைனில் தள்ளுவது, திரும்ப மாட்டுவது. கையும் கண்ணும் நெருங்கிப் பழகும் அந்த வேலைக்கு ஹெச்ஓ தோதாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்த எண்ணம் மாறவில்லை.

சரி, அடிப்பக்கம்.

நல்ல தண்டவாளங்கள் நிக்கல் சில்வரால் ஆனவை. தாமிரம், நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது. வெள்ளி துளியும் கிடையாது. அதன் மேல் படியும் ஆக்சைடு பித்தளையின் ஆக்சைடைப்போல மின்சாரத்தை அடைத்துக்கொள்வதில்லை என்பதால்தான் பித்தளைப் பாதை வழக்கொழிந்தது. ஆனால் மின்தடை என்று பார்த்தால் தாமிரத்தைவிடப் பல மடங்கு அதிகம். தண்டுக்கும் தண்டுக்கும் இடையே செருகும் ஜாயினர் இன்னொரு பலவீனம். புதிதாக இருக்கும்போது இறுக்கமாகப் பிடித்திருக்கும். பிறகு பெயின்ட் இறங்கும், ஜல்லிக்கு ஊற்றிய பசை இறங்கும், தண்டு நீண்டு சுருங்கிச் செருகல் தளரும். முதல் வருடம் எந்தக் குறையும் தெரியாது. அப்புறம் எஞ்சின் ஒரே இடத்தில் திணறத் தொடங்கும், ஆளுக்கு ஆள் எஞ்சினைக் குறை சொல்வார்கள்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் தனி ஒயர். பலகைக்கு அடியில் தடிமனான இரண்டு ஒயர்கள் லேஅவுட்டின் நீளத்துக்கும் ஓட வேண்டும். மேலிருந்து இறங்கும் சிறு ஒயர்களை அவற்றில் சால்டர் வைத்துப் பிடிக்க வேண்டும். ஜாயினர்கள் தண்டுகளை நேர்கோட்டில் நிறுத்தினால் போதும், மின்சாரம் கடத்தும் பொறுப்பு அவற்றுக்கு வேண்டாம். என் லேஅவுட்டில் அதிக நேரம் பிடித்த வேலை இதுதான். பல வருடம் கழித்தும் ஒருமுறைகூடத் திரும்பப் பார்க்க வேண்டி வராத வேலையும் இதுதான்.

ஒயரிங் சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பாதையின் கடைக்கோடியில் இரு தண்டுகளுக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அந்த இடத்துக்குப் போகும் வழியில் மின்தடை அதிகம் என்று பொருள். எங்காவது பெட்டி தடம்புரண்டு ஷார்ட் ஆனால் அங்கே முழு மின்னோட்டமும் பாய்ந்துகொண்டே இருக்கும். சக்கரமும், சக்கரங்களைத் தாங்கும் போகிச் சட்டத்தின் பிளாஸ்டிக்கும் உருகும். பெட்டிகளை நிறுத்தும் பக்கவழியான ஒவ்வொரு சைடிங்கிலும் இதைச் செய்து பார்க்காமல் ஜல்லி கொட்டாதீர்கள். தயவுசெய்து.

ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் பாயிண்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீண்ட நாள் ஓட்டத்தில் தலைவலி தருவது இந்த இடம்தான். இரு தண்டுகள் வெட்டிக்கொள்ளும் மூக்குப் பகுதியை இந்தப் பொழுதுபோக்கில் ஃப்ராக் என்கிறோம். அது பிளாஸ்டிக்காக இருந்தால் அந்தச் சிறு தூரத்தில் மின்சாரம் இல்லை. நீளமான எஞ்சின் தாண்டிவிடும், நான்கு சக்கர ஷண்டிங் எஞ்சின் சரியாக அதன் மேல் நின்றுவிடும். உலோகமாக இருந்தால் பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப அதன் மின்துருவம் மாற வேண்டும். அசையும் நாக்குத் தண்டு பக்கத்துத் தண்டைத் தொட்டு மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால், அந்தத் தொடுகை அழுக்கேறிச் சில மாதங்களில் சதி செய்யும். பாயிண்ட் மோட்டாரோடு வரும் ஸ்விட்சிலிருந்து ஃப்ராக்குக்குத் தனி ஒயர் கொடுப்பதே நிரந்தரமான வழி. ஷார்ட்டை உணர்ந்து தானாகத் துருவம் மாற்றும் சிறு சர்க்யூட்களும் இருக்கின்றன. கையால் தள்ளும் பாயிண்ட்டுகளில் அவற்றைத்தான் வைத்திருக்கிறேன்.

எஞ்சினுக்குள் வைக்கும் கீப் அலைவ் கெபாசிட்டர் பற்றிப் பலர் கேட்பார்கள். மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் அதில் சேமித்தது எஞ்சினை நகர்த்திவிடும். ஒலி எழுப்பும் எஞ்சின்களில் சத்தம் வெட்டுப்படாமல் இருக்க மிகவும் உதவுகிறது. மோசமான ஒயரிங்குக்கு மாற்றாக அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நல்ல ஒயரிங்கின் மேல் அதை வைத்தால் எஞ்சின் நத்தை வேகத்தில், ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டையாக நகர்ந்து போய்ப் பெட்டியைத் தொடுகிறது. அந்த மெதுவான நெருக்கத்துக்காகவே இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன்.

தண்டவாளத்தைச் சுத்தம் செய்வது பற்றி எவ்வளவு பேசினாலும் தீராது. கறுப்பாகப் படிவது வெறும் தூசி இல்லை. சக்கரத்துக்கும் தண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத சிறு தீப்பொறிகள் எழுகின்றன. அவை உண்டாக்கும் உலோக ஆக்சைடு, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து படலமாகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். ஆனால் அந்தக் கீறல்களுக்குள் அழுக்கு இன்னும் உறுதியாக உட்காரும், அடுத்த முறை சீக்கிரமே தேய்க்க வேண்டி வரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பலரும் காலம்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். மின்முனைப்பு இல்லாத மினரல் ஸ்பிரிட் போன்ற கரைப்பான்கள் அந்தத் தீப்பொறிகளைக் குறைத்து அழுக்கு திரும்புவதைத் தாமதப்படுத்துகின்றன என்று ஒரு கருத்து சில வருடங்களாக வலுப்பெற்றிருக்கிறது. நான் அதற்கு மாறினேன், பலன் தெரிகிறது. துடைத்து முடித்ததும் மென்மையான கிராஃபைட் குச்சியால் தண்டின் உள்விளிம்பில் ஒரே ஒரு லேசான இழுப்பு. ஏற்றமான பாதையில் மட்டும் வேண்டாம், சக்கரம் வழுக்கும்.

இதைவிடப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால், பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றியதைச் சொல்வேன். பிளாஸ்டிக் சக்கரத்தில் அழுக்கு பட்டையாக ஒட்டிக்கொள்கிறது; அது சுற்றிச் சுற்றி ஊரெல்லாம் பூசிவிட்டு வருகிறது. எல்லாப் பெட்டிகளுக்கும் மாற்றிய பிறகு துடைக்கும் வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது. கூடவே அந்த உலோக ஓசையும் கிடைக்கிறது.

பெட்டிகளின் எடையையும் கவனியுங்கள். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய என்எம்ஆர்ஏ என்ற மாதிரி ரயில் சங்கம்தான் இன்று நாம் நம்பியிருக்கும் பல அளவுகளுக்கும் டிசிசி தரநிலைக்கும் பொறுப்பு. ஹெச்ஓ பெட்டிக்கு அவர்கள் பரிந்துரைக்கும் எடை ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குலப் பெட்டி என்றால் நான்கு அவுன்ஸ், ஏறத்தாழ 113 கிராம். பல பெட்டிகள் இதைவிட இலேசாகத்தான் வருகின்றன. ரயிலைப் பின்னால் தள்ளும்போது வளைவில் முதலில் குதிப்பவை அவைதான். உள்ளே எடைக்கட்டி ஒட்டி, கொக்கிகளை ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்ததும் தடம்புரள்வது ஏறக்குறைய நின்றேபோனது.

மரம் நகரும். தண்டவாளம் சூட்டில் நீள்வதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். மூன்று மீட்டர் நிக்கல் சில்வர் தண்டு இருபது டிகிரி சூடேறினால் நீள்வது சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஈரப்பதத்தால் மரம் உப்பிச் சுருங்குவது பல நேரம் அதைவிட அதிகம். பலகை சுருங்கும்போது மேலே ஒட்டிய தண்டுக்குப் போக இடமில்லாமல் பக்கவாட்டில் வளையும். மரச்சட்டத்தின் எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்து ஈரத்தைத் தடுப்பதும், ஆங்காங்கே மெல்லிய இடைவெளி விடுவதும் போதுமானவை. ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஒயர் இருப்பதால் இடைவெளி விட்டாலும் மின்சாரத்துக்குக் குறைவில்லை. ஒரு நல்ல முடிவு இன்னொன்றுக்குக் கைகொடுப்பதை இந்த வேலையில் அடிக்கடி பார்க்கலாம்.

ஏற்றம் பற்றி ஒரு கணக்கு. ஒரு பாதை இன்னொன்றின் மேலே பாலமாகக் கடக்க, பாலத்தின் தடிமனையும் சேர்த்து ஹெச்ஓவில் ஒன்பது சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டு ஏற்றத்தில் அதை அடைய நாலரை மீட்டர் ஓட வேண்டும். வரைபடத்தில் அழகாக இருக்கும் பல திட்டங்கள் இந்த எண்ணில்தான் தடுக்கி விழுகின்றன. ஏற்றத்தைச் செங்குத்தாக்கினால் எஞ்சின் மூன்று பெட்டிக்கே மூச்சுவாங்கும். என்னுடையது முழுக்கச் சமதளம், மலையெல்லாம் பின்னணியில்.

இயற்கைக் காட்சிகள் எப்படித் தாக்குப்பிடித்தன? ஜல்லி அசையவே இல்லை: வெள்ளைப் பசையில் தண்ணீரும் ஒரு துளி சோப்புத் திரவமும் கலந்து சொட்டவிட்டது. மின்புலத்தால் நிமிர்த்தி நட்ட நைலான் புல் தூசியில் நிறம் மங்கியது. மென்மையான பிரஷ்ஷால் தட்டி, மேலே இளம்பச்சையில் இன்னொரு அடுக்கு நட்டதும் உயிர் வந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம் நேராகப் படும் பக்கத்தில் கட்டடங்கள் வெளுத்திருக்கின்றன. அகலம் முக்கியம்: அறுபது சென்டிமீட்டருக்கு அப்பால் இருக்கும் எதையும் கை எட்டித் துடைக்க முடியாது, துடைக்க முடியாத இடம் கெட்டுப்போகும்.

படங்களைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்க மாதிரி ரயில் கலைஞர் ஜான் ஆலன் கட்டிய கோரி அண்டு டெஃபீட்டட் லேஅவுட் 1973 ஜனவரியில், அவர் இறந்த சில நாட்களிலேயே தீயில் அழிந்தது. இன்று நம்மிடம் அது இருப்பது அவர் எடுத்த புகைப்படங்களாகத்தான். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் இந்தக் கலை எவ்வளவு ஏழையாகியிருக்கும்! ஆகவே படம் எடுங்கள், நிறைய எடுங்கள், கீழே குனிந்தும் எடுங்கள். ஒயர்களின் நிறம் தெரியும் ஒரு படம் புதிதாகத் தொடங்கும் ஒருவரைப் பல மாதக் குழப்பத்திலிருந்து காப்பாற்றும்.

சலிக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு ஆலன் ரைட் என்பவர் உருவாக்கிய இங்கிள்நுக் என்ற ஷண்டிங் புதிர் அமைப்பைக் காட்டுவேன். இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து பெட்டி பிடிக்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எட்டுப் பெட்டிகளில் ஐந்தை, சீட்டுக் குலுக்கி வந்த வரிசையிலேயே கோத்து நிறுத்த வேண்டும். அப்படி 6720 வரிசைகள் சாத்தியம். என் லேஅவுட்டின் ஒரு மூலை முழுக்க இந்த அமைப்புதான், வீட்டுக்கு வருபவர்கள் நகர மறுப்பதும் அங்கேதான்.

இப்போது பலகைக்கு அடியில் அடுத்த வேலை ஓடிக்கொண்டிருக்கிறது: பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் ரயில் நிற்கிறது என்று மின்னோட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் சென்சார்கள். ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளோடு அவற்றை இணைத்தால் சிக்னல்கள் தாமாகவே மாறும். முதல் மூன்று பகுதிகள் முடிந்துவிட்டன. படங்கள் போடுகிறேன், அடிப்பக்கத்திலிருந்து.