நைட்டி லேபிளில் தெரியாத மயில்: எங்கள் கடை லோகோ அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் நைட்டி தைத்து விற்கிறோம். 2018-இல் கடை திறந்தபோது போட்டது வட்ட முத்திரை மாதிரி லோகோ. நடுவில் தோகை விரித்த மயில், சுற்றிலும் கடைப் பெயர். கம்ப்யூட்டரில் பார்க்க அவ்வளவு அழகு. போர்டிலும் குறை சொல்ல முடியாது.

லேபிளில்தான் மாட்டிக்கொண்டோம். கழுத்துக்கு உள்ளே வைத்துத் தைக்கும் லேபிள் இரண்டு செ.மீ. அகலம். அதில் மயில் பச்சைக் கறையாகிவிட்டது. சுற்றியிருந்த எழுத்து வெறும் புள்ளிகள். பைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. எங்கள் மயிலுக்கு நாலு நிறம்!

தண்டையார்பேட்டை அக்கா ஒருவர், “போன தடவை எடுத்த நைட்டி நல்லா உழைச்சுது, ஆனா எந்தக் கடைன்னு லேபிள்ல தெரியலப்பா, நாலு கடை ஏறி எறங்கினேன்” என்றார். மனசு கேட்கவில்லை. அந்த வாரமே மாற்ற முடிவு செய்தேன்.

டிசைனர் ஒருவர், எழுத்தே இல்லாத குறி போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நைக்கியின் டிக் குறி 1971-இல் வந்தது. பெயரை எடுத்துவிட்டுக் குறியை மட்டும் நம்ப அவர்களுக்கே இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது. புதுக் கடைக்குப் பெயர்தான் முதலில் பதிய வேண்டும்.

2020 முதல் பெயரையே தமிழில் எழுதி லோகோவாக வைத்திருக்கிறோம். முதலெழுத்து ‘மீ’. அதன் மேல்சுழியை ஊசியில் கோத்த நூல்போல இழுத்துவிட்டோம். லேபிளுக்கும் வாட்ஸ்அப் டிபிக்கும் அந்த ‘மீ’ மட்டும். பைக்கு ஒரே நிறம், ஒரே ஸ்கிரீன். ரப்பர் ஸ்டாம்பில்கூடப் பிசிறில்லை. போர்டில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு அதற்கென்று தனியாக எதுவும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ட்ரேட்மார்க்குக்குக் கறுப்பு வெள்ளையில் கொடுங்கள். நிறத்தைக் குறிப்பிடாமல் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் செல்லும். பதிவில் பொருள் வகைக்கு ஒரு வகுப்பு எண் உண்டு; துணிமணிக்கு 25-ஆம் வகுப்பு. பதிவைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஒரு குறை உண்டு. நெல்லூரிலிருந்து மொத்தமாக எடுக்க வருகிறவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. அவர்களுக்கு இன்றும் நாங்கள் மயில் கடைதான். அதனால் பார்சல் அட்டைப்பெட்டியில் மட்டும், ஒற்றைக் கோட்டில், உள்ளங்கை அகலத்துக்கு அந்த மயிலை இன்னும் அடிக்கிறோம்.