ஆறு வால்வு, ₹1,84,080: ரப்பர் லைனிங் வால்வு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்தும் கையில் இருந்து சாக்கடை நாற்றம் போகவில்லை. தூக்கமும் வரவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் ‘போய்த் தொலையட்டும்’ என்று விட்டுவிடுகிற ஆள் நான். இந்தத் தடவை விடுவதாக இல்லை. போனது ₹1,84,080.

எனக்குத் தொழில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பராமரிப்பது. எஸ்.டி.பி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலகக் கட்டடம் என்று பல இடங்களில் சொந்தமாக ஒன்று வைத்திருப்பார்கள். பம்ப், புளோயர், குளோரின் டோசிங் எல்லாம் 14 வருடமாகப் பார்க்கிறேன். பெரிய குழாய் வேலை எடுத்தது மட்டும் இதுதான் முதல் தடவை. சோழிங்கநல்லூரைத் தாண்டி ஒரு அலுவலக வளாகம். கேன்டீன் கழிவும் கார் கழுவும் இடத்துத் தண்ணீரும் சல்லடை, கிரீஸ் தொட்டி எல்லாம் தாண்டி வந்து, பம்ப் வழியாக ஏறுகிற 200 மில்லிமீட்டர் லைன். அதில் ஆறு வால்வு மாற்ற வேண்டும். ரப்பர் லைனிங் செய்த, இரண்டு பக்கமும் ஃபிளாஞ்ச் (குழாயோடு போல்ட் போட்டு இணைக்கத் துளை வைத்த வட்ட விளிம்பு) வைத்த பட்டர்ஃபிளை வால்வு.

தெரியாதவர்களுக்கு: குழாயின் நடுவில் வட்டமாக ஒரு தட்டு இருக்கும். கால் சுற்று திரும்பினால் வழி திறக்கும், மறுபடி திரும்பினால் அடைக்கும். விலை குறைவு, இடமும் கொஞ்சம்தான் அடைக்கும். (துணி, பிளாஸ்டிக் எல்லாம் மிதந்து வருகிற கச்சா சாக்கடை லைனில் மட்டும் இதைப் போடாதீர்கள். தட்டு எப்போதும் நடுவிலேயே நிற்பதால் எல்லாக் குப்பையும் அதில் சுற்றிக்கொள்ளும். அங்கே தட்டு கத்தி மாதிரி இறங்கி அடைக்கிற நைஃப் கேட் வால்வுதான் சரி.) ரப்பர் லைனிங் என்றால் வால்வின் உள்சுவர் முழுக்க ரப்பர். தண்ணீர் ரப்பரையும் தட்டையும்தான் தொடும், இரும்பு உடம்பைத் தொடாது. அந்த ரப்பர் ஃபிளாஞ்ச் முகம் வரை மடிந்து வந்திருக்கும், அதனால் இணைப்பு கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற கேஸ்கட் தனியாகத் தேவையில்லை. இந்த கேஸ்கட் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எந்த ரப்பர் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இ.பி.டி.எம். ரப்பர் சாதாரணக் கழிவுநீருக்கு நல்லது, சுத்திகரித்த தண்ணீருக்கும் நல்லது. எண்ணெயும் கிரீஸும் மட்டும் அதற்கு ஆகாது, ஊறி உப்பிவிடும். எண்ணெய் கலந்து வரும் லைனுக்கு நைட்ரைல் ரப்பர்தான் போட வேண்டும். கிரீஸ் தொட்டி இருந்தாலும் கேன்டீன் எண்ணெய் கொஞ்சமாவது தாண்டி வரும், கார் கழுவும் இடத்து ஆயிலும் சேரும். அதனால் நான் கேட்டது நைட்ரைல். தட்டு எஸ்.எஸ். 316, அதாவது துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை. சாக்கடையில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெறும் இரும்பை அது சும்மா விடாது. உடம்பு எஸ்.ஜி. அயர்ன் (வார்ப்பிரும்பில் உறுதியான வகை), ஃபிளாஞ்ச் பி.என். 10 (10 பார் அழுத்தத்துக்கானது). இவ்வளவும் தெரிந்துதான் வாங்கினேன். தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் இன்னும் எரிகிறது.

ஒரு கம்பெனி டீலர் வால்வு ஒன்றுக்கு ₹31,000 சொன்னார், வரி தனி. ஆறு வாரம் ஆகும் என்றார். தொழில் சாமான்களை வாங்க விற்க உதவும் ஒரு ஆன்லைன் தளத்தில் தேடினேன். பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ என்ற பச்சை முத்திரையோடு பாரிமுனைப் பக்கம் ஒரு கடை வந்தது. ₹26,000, ஸ்டாக் கையில் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள். நம்பரைக் கொடுத்த ஐந்தாவது நிமிடம் போன்.

நேரில் போனேன். போகாமலே பணம் போட்டு ஏமாந்தவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சின்னக் கடை, வாசலில் வால்வுகள், மாடியில் குடோன். பேசினது ஒரு முப்பது வயதுத் தம்பி. என் பேச்சைக் கேட்டதுமே, “அண்ணே, நீங்க திருவண்ணாமலைப் பக்கமா? நான் செங்கம்ணே” என்றான். டீ வந்தது. இந்த வருஷம் தீபத்துக்கு ஊருக்குப் போவீங்களா என்று கேட்டான். அவன் உண்மையிலேயே செங்கமா என்று இன்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த டீயிலேயே பாதி விழுந்துவிட்டேன்.

மேஜை மேல் ஒரு சாம்பிள் வால்வு வைத்தான். பாக்கெட்டில் இருந்து காந்தத்தை எடுத்துத் தட்டின் மேல் வைத்தேன். ஒட்டவில்லை, லேசாக ஒரு இழுப்பு மட்டும். வார்ப்பு எஸ்.எஸ். என்றால் அப்படித்தான் இருக்கும். தட்டின் ஓரம் வழவழப்பு. ஹேண்ட் வீல் சுற்றினேன், வெண்ணெய் மாதிரி திரும்பியது. “ஆறும் இதே லாட்டாப்பா?” என்று கேட்டேன். “ஒரே பெட்டிண்ணே, மேல இருக்கு. எறக்கிக் காட்டட்டுமா? நாலு பேரு வேணும், அவ்ளோதான்” என்றான். நாலு பேர் வேண்டும் என்றதும் நானே, “பரவாயில்லப்பா, விடு” என்று சொன்னேன். சொன்னது நான். அந்த வார்த்தையைத்தான் இப்போது ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாதி முன்பணம் தருகிறேன் என்றேன். “தளம் வழியா கட்டுனா அவங்க கமிஷன் பிடிப்பாங்கண்ணே. நேரா அக்கவுண்ட்ல முழுசாப் போட்டீங்கன்னா வண்டி வாடகை நம்மளது. நாளன்னிக்கு சைட்ல இருக்கும்.” வாட்ஸ்அப்பில் ஒரு டெஸ்ட் சர்டிஃபிகேட் அனுப்பினான். அழுத்தச் சோதனை உடம்புக்கு 15 பார், சீட்டுக்கு (தட்டு வந்து அடைக்கிற இடம்) 11 பார். பி.என். 10 வால்வுக்குச் சரியான கணக்கு. மற்றதை போன் திரையில் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. ஆறு வால்வு ₹1,56,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ₹28,080, ஆக ₹1,84,080. மச்சானிடம் ஒரு லட்சம் கைமாற்று வாங்கி, அன்று மாலையே போட்டுவிட்டேன்.

வண்டி வந்தது ராத்திரி பத்தரைக்கு, கொட்டுகிற மழையில். நான் சைட்டில் இல்லை. வாட்ச்மேன் சலானில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ‘பொருட்கள் நல்ல நிலையில் பெறப்பட்டன’ என்று அதில் அச்சிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பம்பை நிறுத்தி வேலை ஆரம்பித்தோம். நாலு வால்வு ஏறியது. ஐந்தாவதைத் தூக்கிய ஃபிட்டர், “அண்ணே, ஓட்டை ஒத்து வரல” என்றார். எண்ணினால் 12 துளை. குழாய் ஃபிளாஞ்சில் 8. 200 சைஸில் பி.என். 10 என்றால் 8 போல்ட், பி.என். 16 என்றால் 12. வெளி விட்டம் இரண்டுக்கும் 340 மில்லிமீட்டர்தான், தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 100, 150 சைஸில் இரண்டுக்குமே 8 என்பதால் இத்தனை வருடம் நான் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. ஒரே பெட்டி என்றானே? ஒரே பெட்டியில் எப்படி இரண்டு விதம் வரும்? அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். போன் போட்டேன். “குடோன்ல மாத்தி ஏத்திட்டாங்கண்ணே. ரெண்டு குழாய்லயும் ஃபிளாஞ்ச மாத்திக்கங்க, வெல்டிங் கூலி நான் தர்றேன்” என்றான். மாற்றினேன். அந்தக் கூலி இன்றுவரை வரவில்லை.

ஆறாவது வாரம் ஹேண்ட் வீல் திரும்பவில்லை. இரண்டு ஆள் தொங்கினால் அசைந்தது. மூடினால் தண்ணீர் நிற்கவில்லை. ஒன்றைக் கழற்றினோம். உள்ளே ரப்பர், தயிர்வடை மாதிரி ஊறிப் பொதபொதவென்று உள்பக்கம் பிதுங்கி நின்றது. நகத்தால் கீறினால் பெயர்ந்து வந்தது. தட்டு இன்னும் மோசம். பளபளப்பு உரிந்து, அடியில் துரு. எஸ்.எஸ். 316 துருப்பிடித்துச் செதில் செதிலாக வருமா? இரும்புத் தட்டுக்கு நிக்கல் முலாம் பூசி அனுப்பியிருக்கிறார்கள். ஆறையும் பார்த்தோம், ஆறும் அப்படியே. நான் காந்தம் வைத்துப் பார்த்த சாம்பிள் இன்னமும் அந்த மேஜை மேல்தான் இருக்கும், அடுத்தவனுக்காக.

ரப்பர் ஊறாத இடமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி, நைட்ரைல் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு ஓ-ரிங்கோடு (ரப்பர் வளையம்) டீசலில் போட்டுவைத்தேன். மறுநாள் ஓ-ரிங் ஏறக்குறைய அப்படியே இருந்தது. வெட்டின துண்டு வீங்கிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. வீடியோ எடுத்து அனுப்பினேன்.

அதற்கப்புறம்தான் கூத்து. முதல் நாள், “ஓனர்கிட்ட சொல்லிட்டேண்ணே”. மூன்றாம் நாள், “ஓனர் கோயம்புத்தூர் போயிருக்காரு, ஃபேக்டரியிலயே பேசுவாரு”. அடுத்த வாரம், “ஆயில் வரும்னு நீங்க சொல்லவே இல்லையேண்ணே”. சொல்லாமலா நைட்ரைல் கேட்டேன்? அதற்குப் பிறகு ஓனரே பேசினார். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. “கேஸ்கட் போட்டீங்களா? போடலியா? அதான் சார் ரப்பர் போயிடுச்சு. இன்ஸ்டலேஷன் மிஸ்டேக். ரப்பர் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாது” என்றார். லைனிங்தான் கேஸ்கட் என்பதுகூடத் தெரியாமல் ஒருவர் வால்வு விற்கிறார். தெரிந்தேதான் சொன்னாரோ என்னவோ.

நேரில் போனேன். அந்தத் தம்பி இல்லை, ‘நின்னுட்டான்’ என்றார்கள். இன்வாய்ஸை எடுத்து நீட்டினேன். ஓனர் அதை என் பக்கமே திருப்பிவைத்து, “இதுல எங்க சார் நைட்ரைல்னு இருக்கு? எங்க 316னு இருக்கு?” என்றார். ‘வால்வு 200 எம்.எம். – 6’ என்று மட்டும்தான் இருந்தது. சர்டிஃபிகேட்டைக் காட்டினேன். அப்போதுதான் நானே அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சைஸ் 150 என்று போட்டிருந்தது. வேறு ஏதோ வால்வுக்கு வாங்கிய காகிதம். அந்த நிமிடம் கடையில் நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்த பார்வை, ₹1,84,080 போனதைவிட அதுதான் உறுத்துகிறது.

ஆன்லைன் தளத்துக்குப் புகார் கொடுத்தேன். டிக்கெட் நம்பர் வந்தது. நாலு நாள் கழித்து, ‘பணம் எங்கள் தளம் வழியாகச் செலுத்தப்படவில்லை, விற்பவரைத் தொடர்புகொள்ளவும்’ என்று பதில். பச்சை முத்திரை இன்னும் அப்படியே இருக்கிறது. காவல் நிலையத்தில், இது சிவில் விவகாரம் என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். தெரிந்த வக்கீல் ஒருவர், வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் கணக்கில் வராது, ஆனால் சுயதொழிலாக வயிற்றுப்பிழைப்புக்கு என்றால் வாதாடலாம் என்கிறார். வயிற்றுப்பிழைப்பு இல்லாமல் வேறு எதற்கு நான் சாக்கடையில் இறங்குகிறேன்?

வால்வு எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மணி இரண்டாகிவிட்டது, தலை வலிக்கிறது. ஞாபகம் வருவதை மட்டும் சொல்கிறேன். ரப்பர் எது, தட்டு எது, ஃபிளாஞ்சில் எத்தனை துளை என்று ஆர்டரிலும் இன்வாய்ஸிலும் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில், போனில் சொன்னதெல்லாம் காற்றோடு போச்சு. சாம்பிளுக்குக் காந்தம் வைத்தது போதாது, வந்து இறங்கின ஒவ்வொரு தட்டுக்கும் வையுங்கள். டப்பென்று ஒட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ராத்திரி லோடு வந்தால் காலையில் வரச் சொல்லுங்கள். சர்டிஃபிகேட்டில் இருக்கும் நம்பர் வால்வு உடம்பில் இருக்கிறதா பாருங்கள். முழுப் பணமும் முன்னாடியே போடவே போடாதீர்கள், கடைக்காரர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும்.

டீலரிடம் ₹31,000 வால்வே வாங்கிக்கொண்டேன், கடனில். நேற்று மாட்டி முடித்தோம், அதனால்தான் வீட்டுக்கு வர அவ்வளவு நேரம். பழைய ஆறும் வீட்டு வாசலில் கிடந்தன. சாயந்திரம் காயலான் கடைக்காரர் வந்து பார்த்ததாக வீட்டில் சொன்னார்கள். எஸ்.எஸ். தட்டு இருக்கிறது, கூட விலை கொடுங்கள் என்று என் பையன் கேட்டிருக்கிறான். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் தட்டின் மேல் விட்டாராம். “இரும்புதான் தம்பி, இரும்பு விலைதான் போடுவேன்” என்று சொல்லிவிட்டு, நாளைக்குத் தராசோடு வருவதாகப் போயிருக்கிறார்.