அடர்வனமா, புதர்த் தீவுகளா? நட்ட பிறகு வரும் வேலையை வைத்து ஓர் ஒப்பீடு

தரிசாகக் கிடந்த மேய்ச்சல் நிலம் ஒன்றில் நாட்டு மரங்களைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று நாங்கள் சிலர் இறங்கியபோது, எல்லோர் வாயிலும் முதலில் வந்த பெயர் மியாவாக்கி அடர்வனம். கடைசியில் நாங்கள் நட்டது புதர்த் தீவுகள். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

மியாவாக்கி முறை பலருக்கும் தெரிந்ததுதான். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி 1970களில் தொழிற்சாலை வளாகங்களில் செய்து காட்டியது. மண்ணைக் கிளறி மட்கு கலந்து, சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளை நெருக்கி நடுவார்கள். வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு கன்றுகள் கிடுகிடுவென உயரும். சிறிய இடம், பக்கத்திலேயே தண்ணீர், தினமும் எட்டிப் பார்க்க ஆள் என்று மூன்றும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஓர் ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 12,000 கன்றுகளைத் தாண்டும்.

புதர்த் தீவு முறையில் நிலம் முழுக்க நட மாட்டோம். அங்கங்கே திட்டுத் திட்டாகப் புதர்களையும் சில மரங்களையும் சேர்த்து நட்டு, நடுவில் உள்ள இடத்தைச் சும்மா விட்டுவிடுவோம். திட்டில் பறவை வந்து உட்காரும், எச்சத்தோடு விதை விழும், நிழலில் அது முளைக்கும், திட்டு விரியும். கோஸ்டாரிகாவில் கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களில் சூழலியல் ஆய்வாளர்கள் கேரன் ஹால், ராக்கன் சஹாவி குழுவினர் இதை நீண்டகாலம் சோதித்தார்கள். 50 மீட்டருக்கு 50 மீட்டர் பாத்தியில் முழுதும் நட 313 கன்றுகள்; தீவுகளாக நட 86. பதினைந்து ஆண்டு முடிவுகளைப் பார்த்தால், கால்பங்குக்குச் சற்று மேல் கன்றுகளை வைத்தே, முழுதும் நட்ட பாத்திக்கு ஈடான மீட்சி பெரும்பாலும் கிடைத்திருக்கிறது. தீவு ரொம்பச் சின்னதாக இருந்தால் பறவைகள் அவ்வளவாக வருவதில்லை என்பதும் அங்கே தெரிந்த விஷயம். 4 மீட்டருக்கு 4 மீட்டர் தீவு போதவில்லை, பக்கத்துக்கு 8 மீட்டருக்குக் குறையாமல் வைப்பது நல்லது.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. நடும் நாளன்று எந்த நிலத்துக்கும் ஆள் கிடைக்கும். இரண்டாம் கோடையில் யார் வருவார்கள்? மியாவாக்கியில் இரண்டு மூன்று வருஷம் தண்ணீர், களையெடுப்பு, மூடாக்கு (மண்ணை மூடும் புல், இலைதழை) எதையும் விடக்கூடாது. விட்டால் அத்தனை கன்றும் ஒரே நேரத்தில் தவிக்கும். தீவுகளில் வேலை குறைவு என்பதோடு, வேலை எந்த இடத்தில் என்பதும் தெளிவு. திட்டைச் சுற்றி ஒரு முழம் புல்லை அறுத்து அங்கேயே மூடாக்காகப் போட்டால் ஒரு சுற்று முடிந்தது. ஒரு திட்டு காய்ந்தாலும் மற்றவை நிற்கும்.

களையில் உன்னிச்செடிதான் (லாண்டானா) பெரிய தலைவலி. அரிவாளால் மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் ஓரிரு அங்குலம் கீழே வேர்த்தண்டை மண்வெட்டியால் அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். வேர் மண்ணைத் தொட்டால் பிழைத்துக்கொள்ளும். இந்த வேலையை ஏக்கர் முழுக்க ஒரே மூச்சில் செய்ய முடியாது, திட்டுத் திட்டாகச் செய்யலாம்.

புதரை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் ஆடுகள். சூரை, காரை போன்ற முள்செடிகளின் நடுவே முளைக்கும் கன்றை ஆடு தொடுவதில்லை. எங்கள் திட்டுகளில் ஒரு சூரைப் புதரை விலக்கிப் பார்த்தால், யாரும் நடாத வேப்பங்கன்று ஒன்று முழங்கால் உயரத்தில் நிற்கிறது. இலையில் ஒரு கடிகூட இல்லை. வெட்டவெளியில் முளைத்தவற்றில் மொட்டைக் குச்சிதான் மிச்சம். மரக்கன்று மட்டும் வாங்கி நடுபவர்கள் இந்தக் காவலை இழக்கிறார்கள். காய்க்கும் புதர்கள் பறவையையும் சீக்கிரம் கூப்பிடும். மரம் காய்க்கக் காத்திருக்க வேண்டாம்.

வேலி மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது மூன்றாவது வழி. வெட்டிய மரங்களின் அடிக்கட்டை மண்ணுக்குள் உயிரோடு இருந்தால் அதுவே போதும், ஒரு கன்றும் வாங்க வேண்டாம். மழைக்குப் பிறகு துளிர் வருகிறதா என்று பார்த்துவிட்டே மற்ற இரண்டையும் யோசியுங்கள். எங்கள் நிலத்தில் அப்படி எதுவும் இல்லை.

தீவு முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: விதை கொண்டுவரப் பறவையும், பறவைக்கு அருகில் பழைய மரங்களும் இருக்க வேண்டும். சுற்றிலும் கட்டடமாக இருக்கும் மனையில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அங்கே மியாவாக்கிதான் சரி. கோஸ்டாரிகா சோதனை மழை மிகுந்த இடத்தில் நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது. வறண்ட நிலத்தில் திட்டு விரிய இன்னும் அதிக காலம் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். நாங்கள் நட்ட பிறகு மழை முழுதாகப் பொய்த்த வருஷம் வரவில்லை, ஆகவே என் சிபாரிசை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.