கோடையில் ஒரு சிறு நூலகம்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஒரு சிறு பொது நூலகத்தில் பல ஆண்டுகளாக உறுப்பினராக இருந்து வருகிறேன். தொடக்கத்தில் எனக்காக மட்டும் சென்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் படிக்கத் தொடங்கிய பிறகு, கோடை விடுமுறை முழுவதும் அங்கேயே பழியாய்க் கிடக்கும் குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்றாகிவிட்டது. அந்த நூலகத்தின் கோடைக்கால நிகழ்வுகளைப் பற்றித்தான் இங்கு எழுத எண்ணினேன். ஆனால் அன்றாடப் பணிகளை விட்டுவிட்டு நிகழ்வுகளை மட்டும் மதிப்பிட முடியாது என்பது ஒவ்வொரு கோடையிலும் எனக்கு உறுதிப்பட்டு வந்திருக்கிறது. கதை சொல்ல யார் வந்தார்கள், எத்தனை பிள்ளைகள் கூடினார்கள் என்பவற்றைவிட, நேற்றுத் திரும்பி வந்த புத்தகங்கள் இன்று காலைக்குள் அவற்றுக்குரிய அடுக்கில் போய்ச் சேர்ந்தனவா என்பதே அந்தக் கோடை நன்றாக அமைந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

நூலகத்தில் ஒரு நீளமான வாசிப்பு அறையும், தாழ்வான அடுக்குகள் கொண்ட சிறுவர் பகுதியும், பழைய இதழ்க் கட்டுகள் கிடக்கும் ஒரு சிறிய அறையும் உள்ளன. பணியாளர்கள் ஒரு நூலகரும் ஓர் உதவியாளரும் மட்டுமே. காலையில் நாளிதழ்கள் மேசைக்கு வருவதும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகள் விழத் தொடங்குவதும், முந்தைய மாலை குவிந்த புத்தகங்களை உதவியாளர் தள்ளுவண்டியில் பகுப்பெண் (பொருளுக்கேற்ப ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் எண்) வாரியாகப் பிரித்து வைப்பதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடக்கும். வாசகர் கண்ணுக்குத் தெரிவது முத்திரை குத்தும் மேசை ஒன்றுதான். ஒரு புதிய புத்தகம் வாங்கப்பட்டால், சேர்க்கைப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். பகுப்பெண் முடிவு செய்து முதுகில் சீட்டு ஒட்ட வேண்டும். உள்ளே, திருப்பித் தர வேண்டிய நாளைக் குறிக்கும் தவணைத் தாள் ஒட்டி, கணினியில் விவரங்களைப் பதிய வேண்டும். புதிய புத்தகங்கள் வந்துவிட்டன என்று கேள்விப்பட்டும் அவை பல நாள் அடுக்குக்கு வராததை எண்ணி நானும் சலித்துக்கொண்டதுண்டு. இந்த வேலைகளை அருகில் நின்று பார்த்தபின் அந்தச் சலிப்பு குறைந்தது. முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நூலகப் பணிகளுக்கான கோஹா என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த மென்பொருள் அது. உரிமக் கட்டணம் இல்லாததால் சிறு நூலகங்களுக்குப் பெரிதும் ஏற்றது. ஒரு புத்தகம் இருக்கிறதா, யாரேனும் எடுத்துச் சென்றிருக்கிறார்களா என்பதை இப்போது நொடியில் பார்த்துவிடலாம். ஆனால் கணினி 'உள்ளது' என்று காட்டும் புத்தகம் அடுக்கில் இல்லாமல் போவது கோடையில்தான் மிகுதி. கைமாறி இடம் மாறி வைக்கப்பட்ட புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம் என்று நூலகர் அடிக்கடி சொல்வார். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அந்த விதி முதலில் மீறப்படுவது பெரும்பாலும் அடுக்கில்தான்.

இனி கோடை நிகழ்வுகளுக்கு வருகிறேன். தொடக்க ஆண்டுகளில் ஓவியம், களிமண் பொம்மை, காகித மடிப்பு, மாறுவேடம் என்று ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒன்று நடந்தது. கூட்டம் வந்தது, புகைப்படங்கள் அழகாக இருந்தன. நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். அடுக்குகளின் பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள் சிலரே. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே களிமண் பொம்மையை எந்தக் கூடத்திலும் செய்யலாம். அதற்கு நூலகம் தேவையில்லை.

பிறகு வாசிப்புப் பதிவு அட்டை வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. படித்து முடித்த புத்தகத்தின் பெயரை எழுதினால் நூலகர் ஒரு முத்திரை குத்துவார். கோடை முடிவில் அதிக முத்திரை பெற்றவருக்குப் பரிசு. விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான். பதினாறு பக்கப் படப் புத்தகங்கள் காலையிலேயே காலியாகிவிடும். நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளைகளும் தங்கள் வயதுக்குக் கீழான மெல்லிய புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவற்றை நம்பித்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தடித்த கதைப் புத்தகம் ஒன்றை இரண்டு வாரம் விடாமல் படித்த ஒரு சிறுமி, ஒரே ஒரு முத்திரையுடன் பட்டியலின் அடியில் நின்றாள். அடுத்த ஆண்டு புத்தக எண்ணிக்கையை விட்டுவிட்டு, படித்த நேரத்தைக் கணக்கிட்டார்கள். பரிசுக்கு மாற்றாக, குறிப்பிட்ட நேரத்தை எட்டிய எவரும் கூடுதலாக ஒரு புத்தகம் இரவல் பெறலாம் என்றார்கள். போட்டி அடங்கியது, வாசிப்பு அடங்கவில்லை. வீட்டில் படித்த நேரத்தைச் சற்றே தாராளமாக எழுதிக் கொடுத்த பெற்றோர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நூலகர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது சரியென்றே நினைக்கிறேன்.

எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய விடுவதில் இந்த நூலகம் காட்டும் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது. 'இது உனக்கு வேண்டாம், அதை எடு' என்று பெற்றோர் குறுக்கிட்டால், இரண்டையும் எடுத்துச் செல்லட்டுமே என்று நூலகர் நயமாகச் சொல்லிவிடுவார். விடுமுறையில் புத்தகம் கிடைக்காத பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பின்னடைவதைத் தடுக்க முடியுமா என்று கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் அலிங்டன் குழுவினர் அமெரிக்காவில் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுக்கு வருகிறது. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று கோடைகளில், கோடைக்குப் பன்னிரண்டு புத்தகங்களாக, தாங்களே தேர்ந்தெடுத்தவற்றைப் பெற்றார்கள். புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட அவர்களின் வாசிப்புத் தேர்ச்சி மேம்பட்டிருந்தது. பன்னிரண்டு என்பது எந்தச் சிறு நூலகமும் இரவலாகவே கொடுத்துவிடக்கூடிய எண்ணிக்கை. இரவல் வரம்பும் தவணையும்தான் தடை.

அந்தத் தடையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கோடையில் சிறுவர் அட்டைக்கு இரவல் வரம்பை இரு மடங்காக்கினார்கள். மிக நல்ல முடிவு. ஆனால் தவணை நாள்களைப் பழையபடியே விட்டுவிட்டார்கள். விடுமுறைக்கு வெளியூர் செல்லும் குடும்பங்கள் இரு மடங்கு புத்தகங்களுக்குத் தாமதக் கட்டணம் கட்ட நேர்ந்தது. கட்டணம் சிறியதுதான், ஆனால் அதைக் கேட்டதும் 'இனி எடுக்கவே வேண்டாம்' என்று பிள்ளையிடம் கடிந்துகொண்ட பெரியவர்களை மேசையருகே பார்த்திருக்கிறேன். சில குடும்பங்கள் கட்டணத்துக்கு அஞ்சிப் புத்தகத்தைத் திருப்பித் தராமலே இருந்துவிட்டன. பெரிய நூலகங்கள் இதை முன்பே உணர்ந்துவிட்டன: 2019இல் சிகாகோ பொது நூலகமும் 2021இல் நியூயார்க் பொது நூலகமும் தாமதக் கட்டணத்தை அடியோடு கைவிட்டன. எங்கள் நூலகம் அந்த அளவுக்குப் போகவில்லை. சிறுவர் அட்டைக்கு மட்டும் கோடையில் கட்டணம் இல்லை என்று சென்ற ஆண்டு அறிவித்தார்கள். அந்த அறிவிப்பும் மேசைக்குப் பின்னால், உயரத்தில், பிள்ளைகள் படிக்க முடியாத இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

நிகழ்வுகளில் என்னை மிகவும் கவர்ந்தது, நிகழ்வு என்று யாரும் பெயர் வைக்காமல் தொடங்கிய ஒன்று. உதவியாளர் விடுப்பில் இருந்தபோது, பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலரைப் புத்தகம் அடுக்கத் துணைக்கு அழைத்தார் நூலகர். அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட, புத்தகங்களைப் பொருள் வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தசமப் பகுப்பு முறைதான் இங்கு நடைமுறையில் உள்ளது. வண்ணத்துப்பூச்சிகளுக்கு 595.789, எறும்பு, தேனீ, குளவி அடங்கிய பிரிவுக்கு 595.79. இரண்டில் எது முன்னால் வரும் என்று கேட்டால், எண்பதிலிருந்து நூறு வரை மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளும் 79 சிறிது, 789 பெரிது என்று எண்ணி மாற்றி வைத்தார்கள். புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். எட்டு ஒன்பதுக்கு முந்தியது, எனவே வண்ணத்துப்பூச்சிதான் முன்னால் நிற்கும். இதை நூலகர் சொல்லித் தந்த பத்து நிமிடத்தில் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பின்னர் ஆளுக்கோர் அடுக்கை ஒப்படைத்து, இடம் மாறியவற்றைக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாகவே மாற்றிவிட்டார். காணாமல் போனதாகக் கருதப்பட்ட புத்தகங்கள் சில அப்போது அகப்பட்டன. அடுக்கச் சென்ற பிள்ளைகள் பாதியில் தரையில் அமர்ந்து படிக்கத் தொடங்கியதால் வேலை மெதுவாகத்தான் நடந்தது. நூலகர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கதை நேரமும் இப்போது மாறியிருக்கிறது. முன்பு ஒலிபெருக்கியுடன் வாசிப்பு அறையில் நடந்தது. தேர்வுக்குப் படிக்க வருபவர்களுக்கு அது பெரும் தொல்லை. இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது நேரத்தைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இப்போது சிறுவர் பகுதியிலேயே, ஒலிபெருக்கி இல்லாமல், காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறது. கதை சொல்பவர் கதையை முழுவதும் சொல்லாமல், சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை மூடி, அட்டை தெரியும்படி அடுக்கில் நிறுத்திவிடுவார். ஒரே படிதான் இருக்கும் என்பதால் முன்பதிவுக்கு வரிசை நிற்கும். முன்பதிவுப் பட்டியலை முறையாகப் பராமரிக்காத ஆண்டில் இந்த உத்தியே சண்டைக்கு வழி வகுத்தது. முதலில் கேட்ட பிள்ளைக்குக் கிடைக்காமல், அன்று தற்செயலாக மேசையருகே நின்ற பிள்ளைக்குப் புத்தகம் போய்விட்டது. ஈர்ப்பை உண்டாக்குவது எளிது. அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் கையில் புத்தகம் இருக்கச் செய்வதற்குத்தான் பதிவேடு வேண்டும்.

குறைகளும் உண்டு. நண்பகலில் நூலகம் மூடப்படுவதும், மாலையில் சீக்கிரம் விளக்கணைக்கப்படுவதும், வேலைக்குச் செல்லும் பெற்றோருக்குப் பெரும் இடையூறு. நிகழ்வுகள் எல்லாம் காலையிலேயே நடப்பதால், துணைக்கு ஆள் இல்லாத பிள்ளைகள் வர வழியில்லை. மாலையில் ஒரு கதை நேரம் வைக்குமாறு பலமுறை கேட்டும் ஆள் பற்றாக்குறை என்றே பதில் வருகிறது. இருவரை வைத்துக்கொண்டு அவர்கள் நடத்துவதைப் பார்க்கும்போது அந்தப் பதிலை மறுக்கவும் முடியவில்லை. கழிப்பறையும் குடிநீரும் சீராக இருந்த கோடைகளில் கூட்டம் நிலைத்தது, இல்லாதவற்றில் குறைந்தது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

கோடை முடிந்த பிந்தைய வாரங்களில் அங்கு செல்வதையும் பரிந்துரைக்கிறேன். இரவல் போனவை ஒட்டுமொத்தமாகத் திரும்புவதால் மேசையில் குன்று குவிந்திருக்கும். முதுகு பிரிந்தவை, பக்கம் கிழிந்தவை, தண்ணீர் பட்டுப் பக்கங்கள் நெளிந்தவை என்று ஒரு தனி வரிசை ஒதுக்கப்படும். ஒட்டுநாடா போட்டுக் கொண்டுவருபவர்களிடம் நூலகர் மறக்காமல் சொல்வது, கிழிந்தால் அப்படியே தாருங்கள் என்பதுதான்; சாதாரண ஒட்டுநாடா நாளடைவில் மஞ்சளித்துத் தாளையும் கெடுத்துவிடும் என்பதால், பசையும் மெல்லிய தாளும் கொண்டு அவர்களே சரிசெய்கிறார்கள். மிகுதியாகக் கிழிந்து வருபவை பெரும்பாலும் டைனோசர்களும் சித்திரக் கதைகளும். அடுத்த கொள்முதலில் எவற்றுக்குக் கூடுதல் படி வாங்க வேண்டும் என்பதை அந்த வரிசையைப் பார்த்தே முடிவு செய்வதாக நூலகர் கூறினார்.

மேசையோரம் நூல் கட்டி ஒரு குறிப்பேடு தொங்குகிறது. வேண்டிய புத்தகங்களின் பெயரை யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். பிள்ளைகள் பாதிப் பெயரும் பிழையான பெயருமாக எழுதியவற்றைக்கூட விசாரித்து வாங்குகிறார்கள். ஆனால் புத்தகம் வந்த பிறகு கேட்டவருக்குத் தெரிவிக்கும் பழக்கம் இன்னும் ஏற்படவில்லை. எழுதுபவரின் உறுப்பினர் எண்ணுக்கு அருகில் ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும் என்று அதே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.