அறங்காவலர்களுக்கான நிதி திரட்டல் பயிற்சி: கும்பகோணத்தில் இரண்டு நாட்கள்

மன்னார்குடி வட்டத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றை நடத்திவரும் சிறிய அறக்கட்டளைக்கு நான் பதினோரு ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். ஒன்பது அறங்காவலர்கள், 26 குழந்தைகள், இரண்டு சிறப்பாசிரியர்கள், ஓர் ஆயா, ஒரு பழைய வேன். இவ்வளவுதான் எங்கள் நிறுவனம். பணம் தேடுவது செயலாளரின் பொறுப்பு என்றும், கூட்டத்துக்கு வந்து தீர்மானத்தில் கையெழுத்திடுவதோடு மற்றவர்களின் கடமை முடிந்தது என்றும் எங்களுக்குள் எழுதப்படாத ஓர் ஏற்பாடு வெகுநாளாக இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில்தான், சென்னையைச் சேர்ந்த பயிற்சி நிறுவனம் ஒன்று 2024 ஆகஸ்டில் கும்பகோணத்தில் நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்கு அனைவரையும் அழைத்துச் சென்றேன். ஓர் அறக்கட்டளைக்கு 15,000 ரூபாய் கட்டணம். எத்தனை பேர் வந்தாலும் அதே தொகை. எங்கள் ஆயாவின் சம்பளத்துக்கும் வேன் டீசலுக்கும் ஒரு மாதம் போதுமான பணம் அது என்பதால், கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் காலை, வணக்கம் சொல்லி முடித்ததுமே பயிற்சியாளர் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, சென்ற ஆண்டு உங்கள் அறக்கட்டளைக்கு உங்கள் கையிலிருந்து கொடுத்த தொகையை எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றார். கல்யாண மண்டபத்தின் மாடியில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் ஒன்பது தாள்களில் ஐந்து வெறுமையாகவே திரும்பின. மாதந்தோறும் ஒரு சிப்பம் அரிசி தவறாமல் அனுப்பும் ஆலை உரிமையாளர்கூட எதையும் எழுதவில்லை, "பிள்ளைகள் சாப்பிடும் அரிசியைப் போய்க் கணக்கு எழுதுவதா, ஐயா?" என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். பயிற்சியாளர் யாரையும் குறை கூறவில்லை. வெளியார் ஒருவரிடம் போய் 5,000 ரூபாய் கேட்கும்போது, நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கேள்வி அவர் வாயிலிருந்து வராவிட்டாலும் மனத்தில் இருக்கும் என்றும், அதற்கான விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் வீட்டுப் படியேற வேண்டும் என்றும் மட்டும் சொன்னார். தொகையின் அளவைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஒருவர்கூட விடுபடாமல் கொடுத்திருக்க வேண்டும் என்பதையே திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்.

அதைக் கேட்டபோது எனக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. முதலாம் இராஜராஜன் தன் ஆட்சியின் 26 ஆம் ஆண்டில், தான் கொடுத்தவற்றையும், தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், பிறகு மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டும்படி ஆணையிட்டான். கோயிலை எடுப்பித்தவனே கொடுத்தவர் வரிசையில் முதலில் நிற்கிறான். அடுத்து அவன் வீட்டார். மற்றவர்கள் அதன் பிறகுதான். நகைகளின் எடை வரை அங்கே பதிவாகியிருக்கிறது. பெருநகர நிறுவனங்களின் உதாரணங்களைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியவர்கள், அங்கிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் இந்த உதாரணத்தைச் சொல்லியிருந்தால், எங்கள் மூத்த அறங்காவலர்களுக்கு இன்னும் எளிதாகப் புரிந்திருக்கும்.

இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பயன்பட்டதும், நான் முழுமையாக உடன்படாததும் ஒரே பகுதிதான். உங்களுக்குப் பழக்கமானவர்களில் இருபது பேரின் பெயரை எழுதுங்கள் என்றபோது எங்களில் பலர் ஏழெட்டுப் பெயர்களுக்கு மேல் நகரவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான எங்கள் அறங்காவலர் ஒருவர், மறுநாள் காலையில் தம் மகளின் திருமண மொய் நோட்டைத் துணிப்பையில் வைத்து எடுத்துவந்தார். மூலைகளில் மஞ்சள் தடவிய நீளமான நோட்டு அது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழ்த் தாய்மாமன் சீரில் தொடங்கி, ஊர், பெயர், தொகை என்று நானூறுக்கும் மேற்பட்ட வரிகள். நீடாமங்கலம், வலங்கைமான், கூத்தாநல்லூர், திருத்துறைப்பூண்டி என்று விரலை வைத்து இறங்கிக்கொண்டே போனவர், பழைய மாணவர், உரக்கடைக்காரர், சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி மகன் என்று அரை மணி நேரத்தில் நாற்பது பெயர்களைக் குறித்துவிட்டார். பயிற்சியாளர் மகிழ்ந்துபோய், எல்லாரும் மொய் நோட்டை எடுங்கள் என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்குத் தயக்கம் வந்தது. நம் பக்கத்தில் மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய செய்முறை. பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைத்தே தொழிலுக்கு முதல் சேர்ப்பவர்கள் உண்டு. என் வீட்டு விசேஷத்தில் மொய் எழுதியவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவரிடமே போய் நன்கொடை கேட்டால், கொடுத்த பணம் எந்தக் கணக்கில் சேரும், நாளை தன் வீட்டு விசேஷத்தில் இது கழிக்கப்படுமா என்ற குழப்பம் அவருக்கு வருவது இயல்பு. வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளருக்கு இந்த நுட்பம் பிடிபடவில்லை. நாங்கள் ஊர் திரும்பிய பிறகு எங்களுக்குள் ஒரு முறை வகுத்துக்கொண்டோம்: மொய் நோட்டிலிருந்து பெயர் எடுக்கலாம், ஆனால் விசேஷ வீட்டில் கேட்கக் கூடாது, மொய் உறவு உள்ள அறங்காவலர் தனியே போகாமல் இன்னொருவருடன் சேர்ந்து போக வேண்டும், ரசீதை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அறக்கட்டளையின் பெயர் அச்சிட்ட ரசீது கைக்கு வந்த பிறகு அது மொய் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை.

சிங்கப்பூர்ப் பங்காளி மகனைப் பற்றிய விளக்கம் தெளிவாக இருந்தது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தம் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் அயல்நாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது, 2010 ஆம் ஆண்டு அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும், உரிய பதிவோ முன் அனுமதியோ இல்லாத எங்களைப் போன்றவர்கள் அதை வாங்கக் கூடாது. வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் இருக்கும் ஊர்களில் அறங்காவலர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

கேட்கும் முறை குறித்த பயிற்சியும் நன்று. "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று முடிப்பதே எங்கள் வழக்கம். அப்படிச் சொல்வது பணிவாகத் தோன்றினாலும், எவ்வளவு என்று யோசிக்கும் சுமையைக் கொடுப்பவர் தலையில் ஏற்றிவிடுகிறது என்றார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு மாத வேன் செலவு 850 ரூபாய், ஓர் ஆண்டுக்கு ஏற்றுக்கொள்ள இயலுமா என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும் வரை பேசாமல் இருக்கப் பழக்கினார்கள். பேசாமல் இருப்பதுதான் எங்கள் அனைவருக்கும் கடினமாக இருந்தது.

நன்றி சொல்வதைப் பற்றிய அமர்வில் என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் மையத்தின் ஓட்டுக்கூரை முழுவதும் போயிற்று; முகம் தெரியாத எத்தனையோ பேர் வெளியூர்களிலிருந்து பணம் அனுப்பினார்கள். பொங்கலுக்குள் கூரை போட்டுவிட்டோம். ஆனால் கூரை போட்டாயிற்று என்று அவர்களில் ஒருவருக்குக்கூட நாங்கள் தெரிவிக்கவில்லை; பாஸ்புக்கில் பணம் வந்த வரிகள் இருக்கின்றன, முகவரிகள் இல்லை. நன்கொடை வந்த ஒரு வாரத்துக்குள், வேறெதுவும் கேட்காமல், அறங்காவலர் ஒருவர் தொலைபேசியில் நன்றி மட்டும் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் கூறியதை இப்போது எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா ஏற்றுச் செய்துவருகிறார்.

வரி தொடர்பான அமர்வு செறிவாக இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் சலுகை தருவது. அதன்படி, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவருக்கும் இல்லை. கொடுத்தவரின் பான் போன்ற அடையாள எண்ணை வாங்கி, நன்கொடை விவரங்களைத் தெரிவிக்கும் 10பிடி படிவத்தை மே 31க்குள் அறக்கட்டளை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். இவற்றையெல்லாம் சரியாகச் சொன்னவர்கள், வேளாண் வருமானத்துக்கு வருமான வரியே இல்லை என்பதால் டெல்டா விவசாயியிடம் வரிச்சலுகையைக் காட்டிப் பயனில்லை என்பதைக் கருதவில்லை.

பருவக் கணக்கிலும் அதே குறைதான். கொடுத்த மாதிரி நாட்காட்டியில் தீபாவளியை ஒட்டி நன்கொடை இயக்கம் நடத்தச் சொல்லியிருந்தார்கள். ஐப்பசியில் சம்பாப் பயிருக்கு உரமும் களையெடுப்புமாகக் கைப்பணம் முழுவதும் வயலில் கிடக்கும். மழை மிகுந்தால் அதுவும் தண்ணீரில் நிற்கும். அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கிக்கு வரும் மாசி, பங்குனிதான் இங்கே கேட்பதற்குரிய காலம். பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியதும் எங்களுக்கு அதிகம். 2013 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135 ஆம் பிரிவு, நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. பெரிய ஆலைகள் குறைந்த நெல் நாட்டில் அந்த நேரத்தை உழவர்களிடமும் வணிகர்களிடமும் பேசும் முறைக்குச் செலவிட்டிருக்கலாம்.

படிவங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்ததால், எங்கள் அறங்காவலர்களில் நால்வருக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பயிற்சிக்குப் பின் மூன்று தொலைபேசி ஆலோசனைகள் உண்டு என்றார்கள். இரண்டு முறை நானே நினைவூட்டிய பிறகு ஒன்று மட்டும் கிடைத்தது. சாப்பாடும் இடவசதியும் குறைசொல்லும்படி இல்லை.

2025 மாசியில் ஒன்பது அறங்காவலர்களும் ரசீது புத்தகத்தின் முதல் ஒன்பது தாள்களில் தங்கள் பெயரை எழுதிக்கொண்ட பிறகே வெளியே கிளம்பினோம். ஆலை உரிமையாளர் அரிசியை நிறுத்தவில்லை. அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுகிறோம், அவர் தனியே ஒரு காசோலையும் தந்தார். பங்குனி முடிவதற்குள் அடுத்த ஆண்டுக்கான வேன் செலவை 19 குழந்தைகளுக்கு ஏற்றுக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு அப்படி ஒருவரும் இல்லை. ஆகவே அந்த 15,000 ரூபாயை வீண் செலவாக நான் கருதவில்லை. செயலாளர் மட்டும் போய்வருவதானால் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைக்க மாட்டேன். குழுவில் பாதிப் பேராவது வர இசைந்தால் போகலாம். பணம் கட்டுவதற்கு முன்பே படிவங்களைத் தமிழில் தரும்படியும், தொலைபேசி ஆலோசனைக்கான தேதிகளை எழுத்தில் தரும்படியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.